சஸ்பெக்ட் எக்ஸ்: திருப்பத்தை எங்கே கோட்டைவிட்டோம்? (முழுக்கதையும் உடையும்)

பாளைக்காரன்:

சேர்ந்து படிக்கலாம் என்று முடிவு செய்த புத்தகத்தைப் பெரும்பாலானவர்கள் முடித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானில் 2005இல் வெளியாகி, அந்நாட்டின் நவோகி இலக்கியப் பரிசு பெற்ற நாவல். நாம் படித்தது 2011இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இனி ஒளிவுமறைவு கிடையாது, முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசலாம். படிக்காதவர்கள் இந்த வரியோடு கிளம்பிவிடுங்கள், அப்புறம் என்னை ஏசக் கூடாது.

நினைவுக்காகக் கதை. டோக்கியோவில் சாப்பாட்டுப் பொட்டலக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவள் யசுகோ. பள்ளிக்கூடம் போகும் மகள் மிசாத்தோ. விவாகரத்தான கணவன் தொகாஷி தேடி வந்து பணம் கேட்டுத் தொல்லை கொடுக்கிறான். வீட்டுக்குள் கைகலப்பு முற்றி, தாயும் மகளும் சேர்ந்து மின்வயரால் அவன் கழுத்தை இறுக்கிவிடுகிறார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இஷிகாமி வருகிறார். கணக்கு வாத்தியார், தனிக்கட்டை, யசுகோ மேல் வெளியே சொல்லாத பிரியம். பிணத்தையும் போலீஸையும் தான் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பெடுக்கிறார். எதிர்ப்பக்கத்தில் துப்பறிவாளர் குசனாகியும் அவருடைய நண்பரான இயற்பியல் பேராசிரியர் யுகாவாவும். யுகாவாவும் இஷிகாமியும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

சமீபத்தில் படித்ததில் என்னை முழுசாக ஏமாற்றிய புத்தகம் இதுதான். உங்கள் கருத்தைக் கொட்டுங்கள்.

அம்பை பஸ்:

எனக்கு ஏமாற்றம் வேறு விதத்தில் அண்ணாச்சி. கொன்றது யார், செத்தது யார், ஏன் என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் போலீஸ், தாயும் மகளும் அன்றிரவு போனதாகச் சொல்லும் சினிமாவின் டிக்கெட்டையும், இசையோடு சேர்ந்து பாடும் கரோக்கே கடையையும் விசாரித்துக்கொண்டே கிடக்கிறது. நான் அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை ஜங்ஷனுக்கு பஸ்ஸில் போகும்போது படிக்கிற ஆள். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் ஒரு அதிர்ச்சியாவது வேண்டாமா? திருப்பம் திருப்பம் என்று சொன்னீர்கள், கடைசியில் பார்த்தால் ஒன்றே ஒன்று.

டவுன் ரதவீதி:

ஒன்றே ஒன்றா? என்ன வே சொல்லுதீரு? எண்ணிப் பாரும். உதவிக்கு வந்த இஷிகாமி, குதோ என்ற இன்னொரு ஆள் யசுகோவிடம் நெருங்கியதும் பின்தொடர்ந்து போய்ப் போட்டோ எடுத்து மிரட்டல் கடிதம் எழுதுகிறவராக மாறுகிறார். ஒன்று. அவரே போலீஸில் போய் நான்தான் கொன்றேன் என்று சரணடைகிறார். ரெண்டு. அந்த மிரட்டல் எல்லாம் யசுகோவைக் காப்பாற்ற அவர் தயாரித்து வைத்த சாட்சியம். மூணு. போலீஸ் கையில் இருக்கும் பிணம் தொகாஷியே இல்லை. நாலு. கடைசியில் யசுகோவே வந்து நின்று, அவர் போட்ட கணக்கு முழுவதையும் அழித்துவிடுகிறாள். அஞ்சு. உமக்கு இன்னும் எத்தனை வேணும்?

இன்னும் முடிக்கல:

நான் பாதியில் இருக்கிறேன். பிணம் தொகாஷி இல்லையா???

பாளைக்காரன்:

தலைப்பிலேயே போட்டிருந்தது தம்பி.

தென்காசிச் சாரல்:

அம்பை அண்ணன் கேட்கிற மாதிரிக் கதைகளை நானும் ஒரு காலத்தில் அடுக்கடுக்காகப் படித்தேன். பழைய பேருந்து நிலையத்துக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களில் தொடங்கி, இப்போது விமான நிலையங்களில் விற்கும் தடித்தடியான ஆங்கில த்ரில்லர்கள் வரை. செத்தவன் உயிரோடு வருவான். பிறகு அவன் இரட்டைப் பிறவியில் ஒருவன் என்பார்கள். பிறகு இத்தனையும் ஒரு மனநோயாளியின் கற்பனை என்பார்கள். மூன்றாவது தடவை கவிழ்க்கும்போது எனக்கு எதுவும் உறைக்காது, ஏனென்றால் அதற்குள் கதையில் எதையும் நம்புவதை நிறுத்தியிருப்பேன். நம்பாத ஆளை ஏமாற்றவும் முடியாதே.

1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது அதில் ஒன்று. முன்கூட்டியே தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொன்று. அவர் பாதி விளையாட்டாகத்தான் எழுதினார், ஆனால் இந்த இரண்டுக்கும் நான் கட்சி. ஹிகாஷினோ இரண்டையும் மீறவில்லை. கொலையை முதலிலேயே காட்டியதுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம். விடை நம் கையில் இருக்கிறது, போலீஸுக்குத்தான் தெரியாது என்ற நினைப்பில் நாம் மிதப்பாக உட்கார்ந்துவிடுகிறோம். அந்த மிதப்பில்தான் அடி விழுகிறது.

அம்பை பஸ்:

நாலாவதைத் தவிர மற்றதை எல்லாம் நான் ஊகித்துவிட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மிரட்டல் கடிதம் நடிப்பு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

டவுன் ரதவீதி:

நாலாவதுதானே வே கதை!

கணக்கு வாத்தியார்:

இந்தக் கதாநாயகன் என் இனம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஷிகாமி தன் தேர்வுத்தாளைப் பற்றி ஒரு இடத்தில் சொல்வார்: பார்க்க ஜியாமெட்ரி மாதிரி இருக்கும், உண்மையில் ஃபங்ஷன் கணக்காக இருக்கும். படிக்காதவர்களுக்கு உதாரணம் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் செவ்வகமாக ஒரு தோட்டம் போட வேண்டும். ஆறு ஒரு பக்கம், அங்கே வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 100 மீட்டர் கம்பி இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு இடத்தை வளைக்கலாம்? பையன்கள் உடனே படம் வரைந்து, சதுரம்தான் பெரிசு என்று முடிவுகட்டி, மூன்றால் வகுத்துவிடுவார்கள். விடை தப்பு. அகலம் x என்றால் நீளம் 100 – 2x. பரப்பு x(100 – 2x). இதன் உச்சம் x = 25இல் வருகிறது, அப்போது நீளம் 50, பரப்பு 1250 சதுர மீட்டர். படம் இதில் சும்மா வேஷம். கேள்வியில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் அது எந்தப் பாடத்துக் கேள்வி என்று நாம்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

நாவலில் போலீஸ் செய்வது இதைத்தான். மார்ச் 10ஆம் தேதி இரவு எங்கே இருந்தீர்கள் என்று தாயையும் மகளையும் துளைக்கிறார்கள். அலிபி, அதாவது கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்தோம் என்பதற்கான சான்று, பொய்யாக இருக்கும், எங்கேயாவது ஓட்டை கிடைக்கும் என்று தேடித் தேடி அலைகிறார்கள். நாமும் கூடவே அலைகிறோம், இந்த மனிதர் எப்படித்தான் இவ்வளவு கச்சிதமான பொய்யைத் தயாரித்தார் என்று வியந்தபடி. ஆனால் அலிபி நிஜம். அவர்கள் உண்மையிலேயே 10ஆம் தேதி சினிமாவுக்கும் கரோக்கேவுக்கும் போனார்கள். தொகாஷி செத்தது 9ஆம் தேதி. 10ஆம் தேதி செத்தவன் வேறு ஒருவன், அவனைக் கொன்றது இஷிகாமி. அலிபிக் கணக்கு என்று போலீஸ் நினைத்தது, பிணத்தின் அடையாளத்தைப் பற்றிய கணக்கு.

இன்னொன்று. ஒரு விடையைத் தானே கண்டுபிடிப்பது கடினமா, இன்னொருவர் தந்த விடை சரியா என்று சோதிப்பது கடினமா என்று இஷிகாமியும் யுகாவாவும் பேசிக்கொள்வார்கள். இது பி, என்பி என்று கணினித்துறையில் இன்னும் தீராமல் கிடக்கும் கேள்வி. தீர்ப்பவருக்கு பத்து லட்சம் டாலர் என்று அமெரிக்காவின் கிளே நிறுவனம் 2000இல் அறிவித்தது. கதைக்குள் அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. இஷிகாமி போலீஸ் கையில் ஒரு விடையைத் திணித்து, அதைச் சோதிப்பதிலேயே அவர்கள் காலத்தைக் கழிக்க வைக்கிறார். கேள்வியை அவர்களாகப் போட்டுப் பார்க்கவே விடவில்லை.

நாலு நிறத் தேற்றமும் வருகிறது. எந்த வரைபடத்தையும், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல், நாலே நிறத்தில் தீட்டிவிடலாம். அப்பெலும் ஹாக்கனும் 1976இல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தார்கள். அந்த நிரூபணம் அழகில்லை என்று இஷிகாமிக்கு மனக்குறை. வகுப்பில் இதைச் சொன்னால், தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிறம் தீட்ட உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

முன்னாள் ஏட்டு:

சார்வாள் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் ஸ்டேஷன் பக்கம் சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் இந்த மாதிரிப் புத்தகங்களைக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே படிப்பவன் நான்.

ஆற்றங்கரையில் கிடந்த பிணத்தின் முகம் சிதைந்திருக்கிறது, விரல் நுனிகள் கருகியிருக்கின்றன. பக்கத்தில் ஒரு திருட்டு சைக்கிள், அதில் கைரேகை. கொஞ்ச தூரத்தில் டப்பாவுக்குள் பாதி எரிந்த துணி. தொகாஷி வாடகைக்கு எடுத்திருந்த அறையில் கிடைத்த முடியும் ரேகையும் பிணத்தோடு பொருந்துகின்றன. இதற்கு மேல் எந்த ஊர் போலீஸும் சந்தேகப்படாது. அந்த அறையில் கிடைத்த ரேகையே, இஷிகாமி அந்த ஆளை 10ஆம் தேதி அங்கே தங்க வைத்து உண்டாக்கியது. ஒப்பிடும் மாதிரியே தப்பு என்றால் ஒப்பீடு சரியாகத்தானே வரும். சைக்கிள் விஷயமும் நல்ல வேலை. புது சைக்கிளாகப் பார்த்துத் திருடுகிறார், அப்போதுதான் சொந்தக்காரர் புகார் கொடுப்பார், திருடுபோன நேரம் பதிவாகும்.

நம் ஊரில் என்றால் ரத்த உறவோடு டிஎன்ஏ பார்க்கலாமே என்று கேட்பீர்கள். மிசாத்தோ தொகாஷியின் மகள் இல்லை, யசுகோவின் முதல் கணவனுக்குப் பிறந்தவள். அதையும் ஆசிரியர் யோசித்துத்தான் அடைத்திருக்கிறார்.

ஆனால் சரணடையும் இடம் நம் ஊரில் எடுபடாது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் இங்கே சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் முன்னால்தான் கொடுக்க வேண்டும். அவரும், இது உனக்கு எதிராகவே திரும்பும் என்று எச்சரித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று திருப்தியான பிறகுதான் எழுதிக்கொள்வார். ஒரே ஒரு விலக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இஷிகாமி மாதிரி ஆள் அதையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று வையுங்கள்.

அப்புறம் செல்போன். கதையில் அவர் யசுகோவிடம் பேசுவதெல்லாம் பொதுத் தொலைபேசியில். இன்றைக்கு ஒரு கொலை என்றால் முதல் நாளே டவர் விவரம் கேட்டு எழுதிவிடுவார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் வழியில் எத்தனை கடைக் கேமரா! ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை போவதற்குள் ஆள் சிக்கிவிடுவார்.

ஊர்விட்டு ஊர்:

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். இத்தனை பேர் பேசியும் யாரும் ‘பாபநாசம்’ பற்றி வாய் திறக்கவில்லையே! நம்ம ஊர்ப் பேச்சோடு 2015இல் வந்த படம், மலையாள ‘த்ரிஷ்யம்’ 2013இல் வந்தது. அந்த மலையாளப் படம் வந்த பிறகு, இந்த நாவலின் ஹிந்தி உரிமையை வாங்கி வைத்திருந்தவர்கள் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார்கள். இயக்குநர் ஜீத்து ஜோசப் மறுத்துவிட்டார். இரண்டும் ஒன்றுதானா இல்லையா? பெரியவர்கள் தீர்த்து வைக்கவும்.

தென்காசிச் சாரல்:

இரண்டிலும் தாயும் மகளும் அகப்பட்டுக்கொள்கிறார்கள், ஒரு ஆண் மூளையால் காப்பாற்றப் பார்க்கிறான், தேதியில் வேலை நடக்கிறது. ஒற்றுமை அந்த அளவில் நிற்கிறது. வேலை நடக்கும் திசையைப் பாருங்கள். படத்தில் குடும்பம் மறுநாள் வெளியூர் போய் நாலு பேர் கண்ணில் படுகிறது. பிறகு குடும்பத் தலைவன் சுயம்புலிங்கம் திரும்பத் திரும்ப அந்த நாலு பேரையும் சந்தித்து, அது முந்தின நாள் நடந்ததாக அவர்கள் மனதில் பதிய வைக்கிறான். அதாவது சாட்சிகளின் நினைவை நகர்த்துகிறான், அலிபி பொய். நாவலில் சாட்சிகள் சொல்வது அத்தனையும் நிஜம், யாருடைய நினைவும் நகரவில்லை. நகர்ந்தது கொலை நாள். அதை நகர்த்த இன்னொரு பிணம் வேண்டியிருக்கிறது. சுயம்புலிங்கத்துக்குப் பிணம் கிடைக்கவே கூடாது, அதனால் கட்டிக்கொண்டிருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில் போகிறது. இஷிகாமிக்குப் பிணம் கிடைத்தே ஆக வேண்டும்.

படத்தின் தந்திரம் நம் ஊரில் எளிதாகச் செல்லும் என்று எனக்குப் படுகிறது. 2023 டிசம்பர் 17 எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் வெள்ளத்தால் நெல்லையில் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தின ஞாயிறு என்ன செய்தீர்கள்? யாராவது வந்து நம்ம ரெண்டு பேரும் அன்றைக்கு டீ குடித்தோமே என்று நாலு தடவை சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வோம்.

டவுன் ரதவீதி:

ஜப்பானில் 2008இல் படமாக வந்தது. அப்புறம் கொரியாவில் 2012, சீனாவில் 2017, ஹிந்தியில் 2023இல் ‘ஜானே ஜான்’. ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள். நான் ஜப்பானியப் படத்தை மட்டும் பார்த்தேன். மலையேறும் காட்சி ஒன்று சேர்த்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. புத்தகம் மேல்.

குறுக்குத்துறைக்காரி:

எல்லோரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்துவிட்டு வருகிறேன். “வேறு ஒருவன்”, “அந்த ஆள்”, “இன்னொரு பிணம்”. கணக்கு சாரும் ஏட்டையாவும் தென்காசியும் இப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதனைப் பற்றி யாருமே பேசவில்லை.

முதல் பக்கங்களுக்குப் போங்கள். இஷிகாமி காலையில் சுமிதா ஆற்றங்கரையோரமாக நடந்து வேலைக்குப் போகிறார். கரையில் நீலப் பிளாஸ்டிக் போர்த்திய குடிசைகள், வீடில்லாதவர்கள். தகர டப்பாக்களை நசுக்கும் ஒருவர். அவரைத் தாண்டி பெஞ்சில் ஒருவர், புதிதாக வந்தவர், இன்னும் அந்த வாழ்க்கைக்குப் பழகாதவர். தொழில்துறைப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார், மறுபடி வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை விடவில்லை. இஷிகாமி மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் ‘இன்ஜினியர்’. அவ்வளவுதான். நாம் அதை ஊர் வர்ணனை என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். பிறகு ஒரு நாள் அந்த பெஞ்சில் அவர் இருக்க மாட்டார். அதையும் தாண்டிப் போகிறோம். திருப்பத்தை எங்கே கோட்டைவிட்டோம் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான்.

ஆசிரியர் ஒளித்து வைக்கவே இல்லை. எல்லாரும் நடக்கும் வழியில், வெளிச்சத்தில் உட்கார வைத்திருந்தார். பார்த்தும் பார்க்காமல் போகிறவர்கள் நாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதில் அவர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை மாபெரும் காதல் கதை, தியாகம் என்று பின்னட்டையிலும் முகநூலிலும் உருகுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போய், வீடு போய், மறுபடி எழுந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரைக் கூலி தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போய்க் கொல்வது தியாகமா? கடைசிவரை அவருக்குப் பெயர்கூடக் கிடையாது.

எங்கள் பக்கம் ஆற்றங்கரை மண்டபங்களில் எப்போதும் நாலைந்து பேர் படுத்திருப்பார்கள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் முருகன் கோயில் மூழ்கியதை ஆளாளுக்குப் படம் எடுத்துப் போட்டோம். மண்டபத்தில் படுத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நம்மில் யார் கேட்டோம்?

இன்னும் முடிக்கல:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். இருக்கிறார். பெஞ்சில்தான்.

கணக்கு வாத்தியார்:

அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். ஆனால் ஆசிரியர் அவரை மறந்துவிட்டார் என்பதை ஏற்க மாட்டேன். இஷிகாமியும் யுகாவாவும் அதே கரையில் நடக்கும்போது, இவர்கள் கடிகாரம் மாதிரி ஒழுங்காக வாழ்கிறார்கள் என்று இஷிகாமி சொல்கிறார். அந்த ஒழுங்கில் ஒரு ஆள் குறைந்திருப்பதை யோசித்துப் பார்ப்பது யுகாவா மட்டும். பின்னால் அவர், உலகத்தில் வேண்டாத பற்சக்கரம் என்று ஒன்றும் கிடையாது என்ற பொருளில் இஷிகாமியிடம் சொல்வார். அந்த உரையாடல் அந்த மனிதருக்காகத்தான். நண்பனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று யுகாவா துடிக்கிறார், ஆனாலும் விடவில்லை. ஏன்? யசுகோ தப்பிக்கக் கூடாது என்பதற்காக இல்லை. கணக்கில் ஒரு ஆளே காணாமல் போயிருக்கிறார் என்பதற்காக.

குறுக்குத்துறைக்காரி:

ஒரு வரி சார். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு பேச்சு. கடைசியில் இஷிகாமி கதறும் கதறல் யாருக்காக? தன் திட்டம் வீணாய்ப் போச்சே, யசுகோ மாட்டிக்கொண்டாளே என்றுதான். இன்ஜினியருக்காக அங்கே ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை.

தென்காசிச் சாரல்:

அதை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம் இல்லையா அக்கா? வாசகர் அழுதுவிட்டு, யாருக்காக அழுதோம் என்று அப்புறம் யோசிக்கட்டும் என்று.

குறுக்குத்துறைக்காரி:

யோசித்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த இழையிலேயே பார்த்தேனே.

டவுன் ரதவீதி:

அடி சரியாக விழுந்திருக்கிறது எங்களுக்கு.

ஆனால் ஜப்பானிலும் இந்தப் புத்தகத்தை வைத்துப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அங்கே ‘ஹொன்காக்கு’ என்று ஒரு வகை உண்டு. தடயம் எல்லாவற்றையும் வாசகர் முன் வைத்து, நீயே கண்டுபிடி என்று சவால் விடும் சுத்தமான புதிர்க்கதை. இந்த நாவலுக்கு அந்த வகைக்கான பரிசையும் கொடுத்தார்கள். ரெய்தோ நிகாய்தோ என்ற எழுத்தாளர், இது அந்த வகையே இல்லை, வாசகர் முடிவை அடையத் தேவையானது முழுதாகக் கொடுக்கப்படவில்லை என்று எதிர்த்து எழுதினார். விமர்சகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

என் கட்சி நிகாய்தோ பக்கம் கொஞ்சம் சாய்கிறது. இன்ஜினியர் காணாமல் போனதைக் கவனித்தாலும், அவர்தான் பிணம், தேதி ஒரு நாள் தள்ளி என்பதை உறுதியாகச் சொல்ல நமக்கு வழி இல்லை. ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது.

தென்காசிச் சாரல்:

ஊகிக்க முடிந்தால் எனக்குப் போதும். இன்னொரு தடயம் அதைவிட எனக்குப் பிடித்தது. பழைய நண்பர்கள் சந்திக்கும்போது கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, நீ மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறாய் என்று இஷிகாமி சொல்வார். அழகு, உடை எதையும் சட்டை செய்யாத மனிதர். அந்த ஒரு பேச்சிலிருந்து, இந்த ஆள் யாரையோ காதலிக்கிறார் என்று யுகாவா பிடித்துவிடுகிறார். சைக்கிள், டிக்கெட் எல்லாவற்றையும் விட அதுதான் நல்ல துப்பறிதல்.

அம்பை பஸ்:

நடுவில் இழுவை என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. குதோ வரும் பகுதியில் பாதியை வெட்டலாம். யாரும் என்னை மாற்ற முயல வேண்டாம்.

இன்னும் முடிக்கல:

முடித்துவிட்டேன்! உங்கள் புண்ணியத்தில் எல்லாம் தெரிந்துதான் படித்தேன். அதனால் இன்ஜினியர் பெஞ்சில் இல்லாத இடம் வந்தபோது எனக்குத் திருப்பமாக இல்லை, வயிற்றைப் பிசைந்தது. அதற்கப்புறம் யசுகோ பிழைப்பாளா என்பதில் எனக்கு அக்கறையே போய்விட்டது.

ஒரு சந்தேகம். இஷிகாமி தொகாஷியின் உடலைத் துண்டாக்கி யாருக்கும் கிடைக்காமல் செய்துவிட்டார்தானே? அதோடு நிறுத்தியிருந்தால் என்ன? இரண்டாவது கொலை எதற்கு?

கணக்கு வாத்தியார்:

நல்ல கேள்வி தம்பி. பிணம் கிடைக்காவிட்டால் தாயும் மகளும் காலம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொகாஷி யசுகோவின் பழைய வேலை இடத்தில் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறான், எனவே ஆளைக் காணோம் என்றால் போலீஸ் என்றைக்காவது அவள் வீட்டுக்கு வரும். 9ஆம் தேதியைப் பற்றிக் கேட்டால் இருவரும் பொய் சொல்ல வேண்டும், மிசாத்தோ தாங்க மாட்டாள். உண்மையை மட்டும் சொல்லித் தப்பிக்க ஒரே வழி வேறு தேதியில் ஒரு கொலை. அதோடு இஷிகாமி தன்னையும் கட்டிப்போடுகிறார். சரணடையும்போது அவர் நிஜமாகவே கொலைகாரர், மனம் மாறிப் பின்வாங்க இடம் கிடையாது.

முன்னாள் ஏட்டு:

சார்வாள், புத்தகத்தின்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் பார்த்த நடைமுறையைச் சொல்கிறேன். ஆளைக் காணவில்லை என்று வழக்குப் பதிய யாராவது வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். தொகாஷிக்கு யார் வருவார்கள்? வேலை இல்லை, பெண்டாட்டி விட்டுப் போயாச்சு, பிள்ளை இல்லை. மாறி மாறிக் கடன் வாங்கும் ஆள். தங்கியிருந்த இடத்தில் வாடகை வராவிட்டால் பையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அறையை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அவன் போய்த் தொலைந்தான் என்று நினைப்பார்களே தவிர, ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிச் சொந்தக்காரர்கள் வந்தது அபூர்வம். இஷிகாமி சும்மா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

குறுக்குத்துறைக்காரி:

ஏட்டையா, அப்படியென்றால் தொகாஷியும் யாரும் தேடாத ஆள்தான், இன்ஜினியரும் யாரும் தேடாத ஆள்தான். யாரும் தேடாத ஒருவனை மறைக்க, யாரும் தேடாத இன்னொருவரைக் கொன்றிருக்கிறார். இவ்வளவு பெரிய மூளைக்கு இது தோன்றவில்லையா? கணக்கு சார் பதில் சொல்லட்டும்.

கணக்கு வாத்தியார்:

தோன்றியிருக்கும் அக்கா. தோன்றிய பிறகும் அவர் ஏன் செய்தார் என்பதற்கு யசுகோவோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும் ஆசைதான் காரணம் என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. சரணடைவதற்கு ஒரு குற்றம் தேவைப்பட்டிருக்கிறது அந்த மனிதருக்கு. இதை விரிவாக எழுத வேண்டும், இன்றைக்கு முடியாது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது.

அம்பை பஸ்:

அடுத்த புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன். அத்தியாயத்துக்கு ஒரு பிணம்.